ஒரு குன்று போதும்

தருமபுரி,
வைகாசி.

அன்புள்ள மாது,

உன் கடிதம் கிடைத்தது. கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காய் வரத்து ஆரம்பித்துவிட்டது, கூழ் ஆலைகளுக்கு முன்னால் டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கின்றன என்று எழுதியிருந்தாய். இங்கே இரண்டு மழை பெய்திருக்கிறது. புளியமரங்கள் பூ வைத்திருக்கின்றன. மற்றபடி எல்லோரும் சுகம்.

உன் மகனும் அவன் சிநேகிதர்களும் கல்லூரி விழாவில் மெட்டாலிகா என்ற அமெரிக்க ஹெவி மெட்டல் குழுவின் 'ஃபார் ஹூம் தி பெல் டோல்ஸ்' பாட்டை வாசிக்கப் போகிறார்கள், அதற்கப்புறம் 'பொன்னியின் செல்வ'னை வைத்துச் சொந்தமாக ஒரு ஹெவி மெட்டல் பாட்டுப் போடப் போகிறார்கள் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். ஆனால் ஐந்து பாகத்தையும் ஒரே பாட்டில் அடக்கப் பார்க்கிறார்கள் என்ற வரியைப் படித்ததும்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். ஐந்து பாகம் வேண்டாம் மாது. ஒரு குன்று போதும். அதை அந்தப் பாட்டே காட்டிக்கொடுக்கிறது.

பாட்டுக்கு மூலம் அதே பெயரில் எர்னஸ்ட் ஹெமிங்வே எழுதிய நாவல். அது 1940-ல் வந்தது. 43 அத்தியாயம். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில், 1937 மே மாதக் கடைசியில், செகோவியா அருகே ஒரு பாலத்தைத் தகர்க்க வந்த அமெரிக்கன் ராபர்ட் ஜோர்டனின் மூன்று சொச்ச நாள் கதை. காதல் உண்டு, துரோகம் உண்டு, மலைக்குகை வாழ்க்கை உண்டு, கடைசியில் பாலமும் உண்டு. பாட்டில் இவை எதுவும் கிடையாது. ஜோர்டன் பெயர் இல்லை, ஸ்பெயின் என்ற சொல்கூட இல்லை. 27-ஆம் அத்தியாயத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். எல் சோர்டோ என்ற கெரில்லாத் தலைவன் குன்றுச்சியில் நின்று சண்டை போடுகிறான் என்று அந்த அத்தியாயம் தொடங்கும். பாட்டின் முதல் அடியும் அதேபோலத்தான் தொடங்குகிறது. அங்கிருந்துதான் எடுத்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

அந்த அத்தியாயத்தைப் பையன்கள் ஒருமுறையாவது படிக்க வேண்டும். பருவம் தப்பிப் பனி பெய்துவிடுகிறது. பனியில் பதிந்த குதிரைத் தடத்தைப் பிடித்து எதிரி வந்துவிடுகிறான். ஒதுங்க இடமில்லாத குன்றில் ஐந்து பேர் மாட்டிக்கொள்கிறார்கள். கிருஷ்ணகிரிக் கோட்டை மலையின் மொட்டைப் பாறையை நினைத்துக்கொள், அந்த நிலைமை புரியும். பாறைகளுக்கு நடுவே இருந்த இடைவெளியை அடைக்கத் தன் குதிரையையே சுட்டு விழுத்தாட்டுகிறான் எல் சோர்டோ. எல்லோரும் தற்கொலை செய்துகொண்டார்கள் என்று எதிரி நம்பட்டும் என்று கைத்துப்பாக்கியால் சுட்டு நடிக்கிறான். நம்பி மேலே ஏறி வந்த கேப்டனைக் கொல்கிறான். பிறகு விமானங்கள் வருகின்றன. அதுவரை கட்சி முழக்கங்களைச் சொல்லிக்கொண்டிருந்த ஹோவாகின் என்ற பையன் சட்டென்று மாதா ஜெபத்துக்கு மாறிவிடுகிறான். வானத்தைப் பார்ப்பது, காது பிளக்கும் இரைச்சல், அப்புறம் ஒன்றுமில்லை. பாட்டின் இரண்டாம் சரணம் முழுக்க இதுதான்.

இன்னொன்றையும் பையன்களுக்குச் சொல். நாவலில் விமானம் வருவது பிற்பகல் மூன்று மணிக்கு. பனியெல்லாம் உருகி, பாறை வெயிலில் சுட்டுக்கொண்டிருக்கிற நேரம். பாட்டிலோ எல்லாம் விடியற்காலையில் நடக்கிறது. தேவைக்கு மாற்றிக்கொண்டார்கள். நம் பக்கத்துப் பாரதக் கூத்தும் இப்படித்தானே? நாள் கணக்கில் பாரதம் நடக்கிறது. ஆனால் ஊரே திரண்டு வந்து நிற்பது துரியோதனன் படுகளத்துக்கு. ஒரு களம், மண்ணால் செய்து கிடத்திய ஓர் உருவம், விழப்போகிற ஒருவன். கூத்து வாத்தியார்களுக்கு என்றைக்கோ தெரிந்த விஷயம் இது.

அடுத்தது தலைப்பு. 'மணி யாருக்காக அடிக்கிறது' என்று பொருள். அது ஹெமிங்வேயின் சொந்தச் சொல் அல்ல. ஜான் டன் என்ற ஆங்கிலக் கவிஞர், பாதிரியாரும்கூட, கடும் நோயிலிருந்து எழுந்து 1624-ல் வெளியிட்ட தியான நூலில் வருகிறது. இங்கிலாந்தில் யாராவது சாகக் கிடந்தால் ஊர்க் கோயில் மணியை அடிப்பார்கள். அது யாருக்கு என்று ஆளனுப்பிக் கேட்காதே, உனக்காகத்தான் அடிக்கிறது என்கிறார் டன். தெருமுனையில் சங்குச் சத்தம் கேட்டதும் நாமும் வாசலுக்கு வந்து "யாரு?" என்று கேட்கிறோமே, அதே கேள்வி. இது புரியாமல் வாசித்தால் பாட்டின் தொடக்கத்தில் அடிக்கிற மணி வெறும் அலங்காரச் சத்தமாகிவிடும்.

அந்த மணியை மேடையில் எப்படி வரவழைப்பது என்று கேட்டிருந்தாய். கோயில் மணி வேண்டாம். பூஜைக்கு அழைக்கிற சத்தம் அது, நம் காது துக்கமாக எடுத்துக்கொள்ளாது. சங்கும் சேகண்டியும் வைக்கலாமா என்று பையன்கள் கேட்பார்கள், எனக்குச் சம்மதமில்லை. சேகண்டி தட்டையான வெண்கலத் தட்டு, பளீரென்று எழும், அது ஒன்று. இன்னொன்று, கேட்டுக்கொண்டிருப்பவர்களில் போன மாதம் வீட்டில் துக்கம் நடந்தவர் இருக்கலாம். அவருக்கு அது மேடைப் பொருள் அல்ல.

மேலைநாட்டு தேவாலய மணியில் ஏன் சோகம் இருக்கிறது என்றால், ஒரே அடியில் பல சுரங்கள் சேர்ந்து எழுகின்றன. அடிநாதம், அதற்கு ஒரு ஸ்தாயி கீழே ஒரு முனகல், மேலே சாதாரண காந்தாரம் (இங்கிலீஷில் மைனர் தேர்ட்), பஞ்சமம், மேல் ஷட்ஜம். அந்தச் சாதாரண காந்தாரம்தான் காரணம். மணி தனியாக அடித்தாலே மைனர் ஸ்கேலின் சாயல் வந்துவிடும். பாட்டும் மைனரில்தான் இருக்கிறது, ஷட்ஜம் 3 கட்டையில், அதாவது மேலைநாட்டு E.

அந்த மணி நம்மிடம் இல்லை. நல்ல மாற்று, பள்ளிக்கூடத்தில் மணியாகத் தொங்கும் தண்டவாளத் துண்டு. பழைய இரும்புக் கடையில் கேட்டால் கிடைக்கும். ரயில்வே தண்டவாளம் மீட்டருக்கு 52 கிலோ, 60 கிலோ என்று வரும், அதனால் ஒரு அடித் துண்டே 16 முதல் 18 கிலோ இருக்கும். தூக்கும்போது கால்மேல் விழாமல் பார்க்கச் சொல். போல்ட் போட்டு இறுக்கினால் 'டக்' என்று செத்த ஓசைதான் வரும். படுக்கைவாட்டில் இரண்டு நைலான் கயிற்றில் தொங்கவிட வேண்டும். கயிறு கட்டுகிற இடம் முக்கியம்: ஒவ்வொரு முனையிலிருந்தும் மொத்த நீளத்தில் 22 சதவீதம் உள்ளே. 60 சென்டிமீட்டர் துண்டென்றால் முனையிலிருந்து 13 சென்டிமீட்டர். இரும்பு அதிரும்போது அந்த இரண்டு இடமும் அசையாது. அங்கே கட்டினால் கயிறு ஓசையைத் தின்னாது. அடிக்க வேண்டியது நட்டநடுவில். சுத்தியலின் தலையில் பழைய சைக்கிள் டியூபை இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டால் 'கிணுக்'கென்ற கூர்மை போய்க் கனம் வரும்.

பதிவு செய்வது ராத்திரி 11 மணிக்கு மேல். நெடுஞ்சாலை லாரிச் சத்தம் அப்போதும் முழுக்க நிற்காது, ஆனாலும் குறையும். போனை ஒரு மீட்டர் தள்ளி வை. அளவு காட்டும் கோடு சிவப்பைத் தொட்டால் அந்தப் பதிவு வீண், தள்ளி வைத்து மறுபடி எடு. பிறகு கணினியில் வேகத்தைப் பாதியாக்கினால் ஓசை ஒரு ஸ்தாயி இறங்கும், நீளமும் இரட்டிப்பாகும். 18 கிலோ இரும்பு பெரிய மணிபோல் பேச ஆரம்பிப்பது அப்போதுதான். சுருதி சேர்க்க டியூனர் செயலியை நம்ப வேண்டாம். இரும்புத் துண்டின் மேல்நாதங்கள் அடிநாதத்தின் முழு எண் மடங்காக வராது, அதனால் செயலி குழம்பும். சுருதிப் பெட்டியை 3 கட்டையில் வைத்துக் காதால் சேர்க்கட்டும்.

இனி தொடக்கம். மணிக்குப் பின் கிட்டாரும் டிரம்ஸும் கனமாக விழ, அவற்றின் மேலே அழுதுகொண்டு இறங்குகிற அந்த வாசிப்பை லீட் கிட்டார் என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது பேஸ் கிட்டார். கிளிஃப் பர்ட்டன், மெட்டாலிகாவில் சேருவதற்கு முன்பே உருவாக்கி வைத்திருந்தது. ஓசையைக் கரகரப்பாக்குகிற டிஸ்டார்ஷனும், காலால் மிதித்து ஓசையை 'வா வா' என்று திறந்து மூடுகிற வா பெடலும் போட்டு, பிக் என்ற மீட்டுவில்லை இல்லாமல் விரலால் வாசித்தது. 1986 செப்டம்பரில் ஸ்வீடனில் பேருந்து கவிழ்ந்து இறந்தபோது அவருக்கு 24 வயது.

அதில் ஏன் அப்படியொரு அச்சம் என்பது கர்நாடக சங்கீதக் காதுள்ளவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். அது ஒவ்வொரு அரைச் சுரமாக வரிசையாக இறங்குகிறது. நம் ராகங்களில் மூன்று நான்கு அரைச் சுரங்கள் இடைவெளியில்லாமல் அடுத்தடுத்து வருவது அபூர்வம். காது எந்த ராகத்தையும் பிடிக்க முடியாமல் தடுமாறும். காலை வைத்த இடமெல்லாம் சரிகிற உணர்வு. குன்றில் மாட்டிக்கொண்டவனுக்கு வேறென்ன வேண்டும்?

உன் மகன் பேஸ் வாசிப்பதால் இதைக் கவனமாகச் சொல்கிறேன். பேஸை நேராக டிஸ்டார்ஷனில் விட்டால் அடிக்கனம் ஓடிப்போய்விடும், ஊளை மட்டும் மிஞ்சும். சிக்னலை இரண்டாகப் பிரித்து, ஒன்றைச் சுத்தமாகவும் மற்றொன்றை டிஸ்டார்ஷன், வா வழியாகவும் அனுப்பிக் கலக்க வேண்டும். இப்போது வரும் மல்டி எஃபெக்ட் பெட்டிகளில் 'பிளெண்ட்' என்றொரு குமிழ் இருக்கும், பாதியில் வைத்துத் தொடங்கட்டும். வா பெடலைத் தாளத்துக்கு ஆட்டக் கூடாது, அது வேறு வகைப் பாட்டுக்கு. சுரம் இறங்க இறங்கக் கால் மெதுவாக நகர வேண்டும், ஒரு வாக்கியத்துக்கு ஓர் அசைவு.

கிட்டாரில் பையன்கள் செய்யப்போகும் முதல் தப்பு, கரகரப்பைக் கூட்டுகிற கெயின் குமிழை முழுக்கத் திருகுவது. வீட்டில் தனியாக வாசிக்கும்போது மிரட்டலாக இருக்கும். மேடையில் இரண்டு கிட்டார் சேர்ந்தால் சேற்றில் எருமை இறங்கின மாதிரி ஆகிவிடும். பாதிக்குக் கீழேயே வைக்கட்டும், கனம் கையிலிருந்து வரட்டும். பிக் கீழ்நோக்கி மட்டும் அடிக்க வேண்டும், மேலும் கீழுமாக அல்ல. உள்ளங்கையின் ஓரம், தந்திகள் ஊன்றி நிற்கிற பிரிட்ஜை ஒட்டி இருக்க வேண்டும். இரண்டாவது தப்பு, நடுத்தர ஓசைக்கான மிட் குமிழைப் பூஜ்யத்துக்கு இறக்குவது. அதைச் செய்தால் டிரம்ஸும் பேஸும் வந்ததும் கிட்டார் காணாமல் போய்விடும். ஆம்ப், அதாவது கிட்டார் ஒலிபெருக்கி, உயர்ந்ததாக இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். 1984 சனவரியில் பாஸ்டனில் மெட்டாலிகாவின் கருவிகளே திருடு போயின, குழுவின் பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டுக்குப் பிடித்த மார்ஷல் ஆம்ப்பும் அதில் போயிற்று. அதற்கடுத்த வாரங்களில் கோபன்ஹேகனில் ஸ்வீட் சைலன்ஸ் ஸ்டூடியோவில் ஒலிப்பதிவாளர் ஃப்ளெமிங் ராஸ்முசன் கையில் பதிவானதுதான் 'ரைட் தி லைட்னிங்' ஆல்பமும் இந்தப் பாட்டும்.

மெட்டல் கிட்டாரில் சேர்த்து அடிக்கிற பவர் கார்டில் ஏன் ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டும் என்று யாராவது கேட்டால் இந்தக் கணக்கைக் காட்டு. கிட்டாரின் கனத்த திறந்த தந்தி 82.4 ஹெர்ட்ஸ், அதன் பஞ்சமம் 123.5. டிஸ்டார்ஷன் வழியாகப் போகும்போது இரண்டின் வித்தியாசமும் ஒரு சுரமாகப் பிறக்கும், 41 ஹெர்ட்ஸ். அது பேஸ் கிட்டாரின் கனத்த திறந்த தந்தியேதான். யாரும் வாசிக்காத ஒரு கீழ் ஷட்ஜம் தானாக வந்து சேருகிறது. நடுவே காந்தாரத்தையும் சேர்த்தால் அதற்கும் வித்தியாசங்கள் பிறந்து, ஒன்றோடொன்று மோதி இரைச்சலாகிவிடும்.

வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 118 அடி. மெட்டல் என்றாலே ஓட வேண்டும் என்று டிரம்ஸ் பையன் 130-க்குப் போய்விடுவான், பிடித்து நிறுத்து. ஐந்து நிமிடத்துக்குச் சற்று அதிகமான பாட்டில் குரல் நுழையவே இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. சபை பொறுக்காது என்று பயந்து அந்த முன்பகுதியை வெட்டிவிடக் கூடாது. முற்றுகை அதுதான், வெட்டினால் குன்றே இல்லை. ரெக்கார்டோடு சேர்ந்து பழகும்போது சுருதி விலகுவதுபோலத் தோன்றினால் அவர்கள் தப்பில்லை. பதிவு வழக்கமான சுருதிக்கு ஒரு நூல் மேலே நிற்கிறது. தந்தியைக் காதால் சற்று ஏற்றிக்கொண்டால் போதும்.

மேடை மின்சாரம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதன் இரைச்சல் 3 கட்டைச் சுருதியில் சாதாரண காந்தாரத்துக்குப் பக்கத்தில், ஆனால் கொஞ்சம் ஏறி விழும். அதனால் அமைதியான இடங்களில் எல்லாமே அபசுரம் போலக் கேட்கும். எர்த் சரியில்லாததுதான் பெரும்பாலும் காரணம். மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை ஒடித்துவிட்டுச் சொருகுகிற பழக்கம் விழாப் பந்தல்களில் உண்டு. அது இரைச்சலோடு நிற்காது, கையில் தந்தியும் வாயருகே மைக்கும் இருக்கும்போது ஷாக் அடிக்கும். எல்லா ஆம்ப்பும் ஒரே பலகையிலிருந்து மின்சாரம் எடுக்க வேண்டும். பாடுகிற பையன் உதடு வைப்பதற்கு முன் மைக்கின் கம்பி வலையில் டெஸ்டரை வைத்துப் பார்க்க வேண்டும். இதை மட்டும் அவர்களிடம் விடாமல் நீயே நின்று பார்.

இப்போது அவர்களுடைய சொந்தப் பாட்டு. முதலில் உரிமை. அயர்ன் மெய்டன் என்ற இங்கிலாந்து மெட்டல் குழு 1983-ல் 'டூன்' நாவலை வைத்து ஒரு பாட்டுச் செய்து அதே பெயரை வைக்கப் பார்த்தார்கள். நாவலாசிரியர் ஃப்ராங்க் ஹெர்பர்ட் தரப்பு மறுத்துவிட்டது. 'டு டேம் எ லாண்ட்' என்று பெயர் மாற்றித்தான் வெளியிட்டார்கள். கல்கி 1954-ல் காலமானார், நம் சட்டப்படி 60 ஆண்டு எப்போதோ கழிந்துவிட்டது. அவர் எழுத்தை யாரும் தாராளமாகக் கையாளலாம்.

எந்தக் குன்று என்று கேட்டால், கடம்பூர் மாளிகை என்பேன். ஆதித்த கரிகாலனின் கடைசி இரவு. வந்தியத்தேவன் குதிரையேறி வீராணம் ஏரிக்கரைக்கு வருவதிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. அருள்மொழிவர்மன் வேண்டாம், ஈழம் வேண்டாம், பூங்குழலியும் வேண்டாம். ஓர் அறை, நந்தினி, கரிகாலன், அணைந்துபோன விளக்கு. யார் கை கொன்றது என்பதைக் கல்கி இருட்டிலேயே விட்டுவிட்டார். மெட்டல் பாட்டுக்கு இதைவிட நல்ல இருட்டு கிடைக்காது. ரவிதாசன் பெயரைச் சொல்லும் உடையார்குடிக் கல்வெட்டு இருக்கிறது என்று யாராவது புத்திசாலி சொல்வான். இருக்கட்டும், பாட்டு அதற்குத் தீர்ப்பு எழுத வேண்டாம். அங்கே விமானம் வந்த வானம், இங்கே நாவல் முழுக்கத் தொங்குகிற வால்நட்சத்திரம். அது ஒன்றே போதும்.

சொல்லமைப்பில் இங்கிலீஷ் பாட்டின் அடிகளைக் காப்பியடித்தால் தமிழ் நொண்டும். அங்கே அழுத்தத்தில் தாளம், நமக்குக் குறில் நெடிலில் தாளம். அகவலைப் பிடிக்கச் சொல். அகவல் என்கிற ஆசிரியப்பாவுக்கு வரிக்கு நான்கு சீர், பாட்டுக்கு நான்கு அடித் தாளம். ஒரு சீருக்கு ஒரு தாள அடி வைத்தால் 118 வேகத்தில் ஒரு வரி இரண்டு வினாடியில் முடியும். க்க, ட்ட, ற்ற வருகிற சொற்கள், உள்ளங்கையால் தந்தியை அமுக்கி அடிக்கிற பாம் மியூட் அடிகளில் விழட்டும், நெடில்கள் கார்ட் நீண்டு நிற்கிற இடத்தில். இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு: நேரிசை ஆசிரியப்பாவில் கடைசிக்கு முந்தைய வரிக்கு மூன்றே சீர். அந்த வரியில் நான்காவது தாள அடி காலியாக நிற்கும். மணி அங்கே விழ வேண்டும். மாதிரிக்கு நான்கு வரி:

விளக்கு வீழ்ந்தது கடம்பூர் மாடம்
இருட்டிற் பட்டது யார்கை யார்வாள்
கேட்டவர் எவரும் இல்லை
கரிகா லன்மேல் கவிந்தது வானே

மூன்றாம் வரி முடிந்ததும் எல்லாக் கருவியும் நிற்க வேண்டும், தண்டவாளம் மட்டும் ஒலிக்க வேண்டும். எல் சோர்டோ என்றால் செவிடன் என்று பொருள், மாது. மணியைத் தலைப்பாக வைத்த நாவலில் குன்றில் சாகிறவனுக்குக் காது சரியாகக் கேட்காது. மெட்டாலிகா பாட்டிலும் மௌனம் உரக்கக் கேட்கிற ஓர் இடம் வரும். அங்கிருந்துதான் இந்த யோசனை வந்தது.

பம்பை சேர்க்கலாமா என்று கேட்டிருந்தாய். சேர்க்கலாம், ஆனால் முழுப்பாட்டுக்கும் வேண்டாம். மெட்டாலிகாவே 1999-ல் மைக்கேல் கேமன் நடத்த, சான் பிரான்சிஸ்கோ சிம்பொனியோடு இந்தப் பாட்டை வாசித்திருக்கிறார்கள், பையன்கள் அதைக் கேட்கட்டும். பம்பையின் கூர்மையான ஓசையும் டிரம்ஸின் தட்டுகளும் ஒரே இடத்தில் மோதும். பம்பை வரும்போது தட்டுகள் நிற்க வேண்டும். விளக்கு அணைந்த பிறகு வருகிற எட்டு வரிக்கு மட்டும் வைத்துப் பார்க்கலாம்.

தண்டவாளத் துண்டு கிடைத்தால் எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து எழுது, கயிறு கட்டும் இடத்தைக் கணக்குப் போட்டு அனுப்புகிறேன். ஆடி 18-க்கு ஒகேனக்கல் வருவதாக இருந்தால் பதிவை போனில் போட்டு எடுத்துக்கொண்டு வா. அருவிச் சத்தத்தில் கேட்க முடியாது, வழியில் இறங்கி வீட்டுக்கு வந்துவிடு.

அன்புடன்,
உன் பழைய சிநேகிதன்